எலும்பில் வருஷக் கணக்கு, பல்லில் நாள் கணக்கு

டைனோசர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "அது 28 வயசுல செத்துச்சுன்னு சொல்றீங்களே, எப்படிங்க தெரியும்? பக்கத்துல நின்னு பாத்தீங்களா?" கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்விதான். ஆறேழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு செத்த பிராணியின் வயதை, அது எத்தனை நாள் முட்டைக்குள் இருந்தது என்பதை, அதன் குட்டி எத்தனை மாதம் பால் குடித்தது என்பதை ஒருவர் எண்ணாகச் சொன்னால், "எப்படி?" என்று கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் நம்புவதும் தப்பு, கேட்காமல் சிரித்துவிட்டுப் போவதும் தப்பு.

இதற்கான பதில் பெரும்பாலும் இரண்டே பொருள்களில் இருக்கிறது: எலும்பு, பல். இரண்டும் உயிரோடு இருக்கும்போது வளர்கின்றன. வளரும்போது தாமே கணக்கு எழுதிக்கொள்கின்றன. அந்தக் கணக்கைப் படிக்கும் முறைகளைப் பற்றி நான் சில வருடங்களாகச் சேர்த்துவைத்த குறிப்புகளின் தொகுப்பு இது. படிக்கப் படிக்க எனக்கு ஒரு வேடிக்கையான விஷயம் தட்டுப்பட்டது. பாடப்புத்தகம் சொல்கிற மாதிரி டைனோசர் என்றால் மந்தமான பெரிய பல்லி, பாலூட்டி என்றால் சுறுசுறுப்பான வெப்ப ரத்தப் பிராணி என்ற பிரிவு அவ்வளவு சுத்தமாக இல்லை. ஒரு காலகட்டத்தில் விஷயம் கிட்டத்தட்டத் தலைகீழாகவே இருந்திருக்கிறது. அதை வரிசையாகப் பார்ப்போம்.

எலும்பைச் சீவிப் பார்த்தால்

முதலில் செய்முறை. புதைபடிவ எலும்பின் நடுத்தண்டிலிருந்து ஒரு துண்டை வைர ரம்பத்தால் அறுத்து எடுப்பார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரை தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்குவார்கள். பிறகு நுண்ணோக்கி. கல்லாக மாறிய எலும்பு என்றாலும் உள்ளே ரத்தக் குழாய் ஓடிய துளைகள், எலும்புச் செல்கள் உட்கார்ந்திருந்த குழிகள் எல்லாம் அப்படியே தெரியும். செல் போய்விட்டது, அதன் வீடு இருக்கிறது.

அந்தச் சீவலில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, எலும்பு எவ்வளவு அவசரமாகக் கட்டப்பட்டது என்பது. வேகமாக வளரும் எலும்பில் நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கிடக்கும், ரத்தக் குழாய்கள் ஏராளமாக இருக்கும். மெதுவாக வளரும் எலும்பில் நார்கள் ஒழுங்காக அடுக்கடுக்காக இருக்கும், குழாய்கள் குறைவு. அவசரத்தில் பூசிய சுவருக்கும் நிதானமாகப் பூசிய சுவருக்கும் கொத்தனார் வித்தியாசம் கண்டுபிடிப்பார் இல்லையா, அது போல.

இரண்டாவது, வளையங்கள். வருடத்தில் ஒரு கஷ்டமான பருவத்தில் (குளிரோ, வறட்சியோ) வளர்ச்சி நின்றுவிடும். அப்போது எலும்பில் ஒரு கோடு விழும். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரிதான். கோடுகளை எண்ணினால் வயது. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அந்த வருடம் எவ்வளவு வளர்ந்தது என்பதைச் சொல்லும்.

எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. எலும்பு வெளியே தடிக்கத் தடிக்க, உள்ளே மஜ்ஜைக் குழி அகலமாகிக்கொண்டே வரும். ஆக, சின்ன வயதில் விழுந்த கோடுகள் அரிக்கப்பட்டுவிடும். புத்தகத்தின் முதல் சில பக்கங்களைக் கரையான் தின்ற மாதிரி. அதனால்தான் சுமை தாங்கும் தொடை எலும்பை விட்டுவிட்டு விலா எலும்பு, கீழ்க்காலின் ஒல்லியான எலும்பு போன்றவற்றைத் தேடுகிறார்கள். அவற்றில் அரிப்பு குறைவு. போன பக்கங்களை, அதே இனத்தின் இளம் பிராணிகளின் எலும்பை வைத்து நிரப்புவார்கள்.

இந்த முறையில் கிடைத்த பிரபலமான கணக்கு டி. ரெக்ஸ் உடையது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 1990இல் சூ ஹென்ட்ரிக்சன் கண்டெடுத்த, இன்று சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சூ' என்ற எலும்புக்கூட்டை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 2004இல் கிரிகரி எரிக்சனும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், சூ இறக்கும்போது அதற்கு வயது சுமார் 28 என்று வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, யானையை விடக் கனம், 28 வயதுதான்! இத்தனை பெரிய ஊர்வன நூறு வருடமாவது வாழ்ந்திருக்கும் என்று நினைத்த காலமும் இருந்தது.

அதைவிட முக்கியம் வளர்ச்சி வேகம். பதின்ம வயதில் சுமார் 4 வருடம், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கிலோ வீதம் டி. ரெக்ஸ் எடை கூடியிருக்கிறது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அதன் நெருங்கிய உறவினர்களான ஆல்பர்டோசாரஸ் போன்றவை உச்சத்திலும் நாளுக்கு அரை கிலோவைத் தாண்டவில்லை. அதாவது டி. ரெக்ஸ் பெரிதானது அதிக வருடம் வளர்ந்ததால் அல்ல, அந்தச் சில வருடங்களில் அசுர வேகத்தில் வளர்ந்ததால். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வயதையும் வேகத்தையும் மேலும் கீழும் நகர்த்தியிருக்கின்றன, வாதம் தொடர்கிறது. ஆனால் 'பல்லி வேகத்தில் வளர்ந்தது' என்று இன்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "வளையம் இருக்கிறதே, அப்ப குளிர் ரத்தம்தானே?" என்று ஒரு வாதம் ரொம்ப நாளாக ஓடியது. ஏனென்றால் இன்றைய ஊர்வனவற்றில் வளையம் தெளிவாக இருக்கும். 2012இல் மைக்கே கோலர் குழுவினர் மான், மறிமான் போன்ற காட்டு அசைபோடும் பிராணிகளின் எலும்புகளைச் சீவிப் பார்த்தார்கள். துருவப் பகுதியிலிருந்து வெப்ப மண்டலம் வரை எல்லாவற்றிலும் வளையம்! சுத்தமான வெப்ப ரத்தப் பிராணிகளும் மோசமான பருவத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. ஆக, வளையம் வயதைச் சொல்லும். ரத்தத்தின் சூட்டைப் பற்றி அது வாய் திறக்காது.

முட்டையிடத் தயாரான ஒரு டி. ரெக்ஸ்

எலும்பு சொன்ன இன்னொரு ரகசியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஆளில்லாத பகுதி ஒன்றில் ஒரு டி. ரெக்ஸ் கிடைத்தது. வண்டி போகாத இடம். ஹெலிகாப்டரில் தூக்க முடியாத கனம் என்பதால் பொதியை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று, அதில் தொடை எலும்பு உடைந்தது. உடைந்த எலும்பின் உள்பக்கத்தை மேரி ஷ்வைட்சர் ஆராய்ந்தார். மஜ்ஜைக் குழியின் உட்சுவரில் வித்தியாசமான ஒரு எலும்புப் படலம்.

கோழி வளர்ப்பவர்களுக்கு இது புரியும். முட்டை ஓடு செய்யக் கால்சியம் வேண்டும். பெட்டைக் கோழி முட்டையிடும் பருவத்துக்கு முன்னால் தன் கால் எலும்புக்குள் அவசரத் தேவைக்கு ஒரு கால்சியச் சேமிப்பைக் கட்டிக்கொள்ளும். முட்டை போடப்போட அது கரையும். இந்தப் படலம் பறவைகளின் பெட்டையில் மட்டும், அந்தப் பருவத்தில் மட்டும்தான் வரும். முதலையில் வராது. 2005இல் ஷ்வைட்சர் வெளியிட்ட முடிவு: அந்த டி. ரெக்ஸ் ஒரு பெட்டை, முட்டையிடும் பருவத்தில் செத்தது. பின்னாளில் வேதியியல் சோதனைகளும் அதை ஆதரித்தன. 6.8 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு பிராணியின் பாலினத்தையும் அது இருந்த நிலையையும் சொல்ல ஒரு விரிசல் போதுமானதாக இருந்திருக்கிறது.

பல்லில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு

எலும்பு வருஷக் கணக்கு எழுதுகிறது என்றால், பல் தினசரிக் கணக்கு எழுதுகிறது. பல்லின் உள்பகுதியான டென்டைன் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய அடுக்காகப் படிகிறது. அந்தக் கோடுகள் நுண்ணோக்கியில் தெரியும். நம் பல்லிலும் உண்டு, முதலைப் பல்லிலும் உண்டு, டைனோசர் பல்லிலும் உண்டு.

டைனோசருக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், சுறா மாதிரி, முதலை மாதிரி. வெளியே வேலை செய்யும் பல்லுக்கு அடியில் அடுத்த பல் தயாராகக் காத்திருக்கும். உதாரணத்துக்கு வெளிப் பல்லில் 180 கோடும் அடியில் காத்திருக்கும் பல்லில் 120 கோடும் இருந்தால், 60 நாளுக்கு ஒரு பல் என்று கணக்கு. அவ்வளவு எளிது. எண்ணுகிற கண்தான் பாவம்.

மைக்கேல் டெமிக் குழுவினர் 2013இல் இதை நீண்ட கழுத்து டைனோசர்களில் செய்தார்கள். டிப்ளோடோகஸ் ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய 35 நாளுக்கு ஒரு பல்லை மாற்றியிருக்கிறது. ஒரு பல்லுக்குப் பின்னால் ஐந்து வரை வரிசையில் நின்றன! அதே காலத்தில் அதே நிலப்பரப்பில் வாழ்ந்த கமராசாரஸுக்கு 62 நாள். ஏன் இந்த வித்தியாசம்? சீக்கிரம் தேய்கிற பல்லைத்தான் சீக்கிரம் மாற்ற வேண்டும். தரையோரம் மேய்கிற வாய்க்குள் மண்ணும் மணலும் சேர்ந்து போகும், பல் தேயும். உயரத்தில் இலை கடிக்கிற வாய்க்கு அந்தத் தொல்லை குறைவு. ஆக, இரண்டு ராட்சதப் பிராணிகள் ஒரே ஊரில் சண்டையில்லாமல் எப்படிச் சாப்பிட்டன என்பதற்குப் பல் ஒரு விடை கொடுக்கிறது. ஆப்பிரிக்காவின் நைஜர்சாரஸ் இன்னும் ஒரு படி மேலே. சுமார் 14 நாளுக்கு ஒரு பல். மறுபக்கம் டி. ரெக்ஸ் ஒரு பல்லை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தது. வாழைப்பழம் அளவுள்ள பல்லை மாதாமாதம் செய்ய முடியாதுங்க.

பல்லின் எனாமல் வெப்பமானியாகவும் பயன்படுகிறது. கார்பனிலும் ஆக்சிஜனிலும் எடை கூடிய வகைகள் உண்டு. பல் உருவான இடத்தில் சூடு குறைவாக இருந்தால் கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் ஒன்றோடொன்று அதிகமாக ஒட்டிக்கொள்ளும், சூடு கூடினால் பிரிந்து நிற்கும். 2011இல் ராபர்ட் ஈகிள் குழுவினர் இந்த முறையில் நீண்ட கழுத்து டைனோசர்களின் உடல் வெப்பத்தை 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் என்று கண்டார்கள். நம் உடம்புச் சூடு! ஆனால் இதுவும் முழுத் தீர்ப்பு அல்ல. பெரிய அண்டாவில் வைத்த வெந்நீர் சீக்கிரம் ஆறாது என்பது போல, அவ்வளவு பெரிய உடம்பு சூட்டைத் தானாகவே பிடித்து வைத்திருக்கும்.

முட்டைக்குள் முளைத்த பல்

2017இல் எரிக்சன் குழு இந்தத் தினசரிக் கோட்டை முட்டைக்குள் இருந்த டைனோசர் கருவின் பல்லில் எண்ணியது. மங்கோலியாவின் புரோட்டோசெராடாப்ஸ், கனடாவின் ஹைபக்ரோசாரஸ் என்ற வாத்து அலகு டைனோசர், ஆகிய இரண்டின் கருக்கள். பல் முளைக்கத் தொடங்கும் வரை ஆன நாளை இன்றைய ஊர்வனவற்றை வைத்துக் கூட்டினால், முதலாவது முட்டை பொரிய குறைந்தது 83 நாள், இரண்டாவதுக்கு 171 நாள் ஆகியிருக்கும். கோழிக்கு 21 நாள், நெருப்புக்கோழிக்கு ஆறு வாரம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஆறு மாதம் ஒரு முட்டைக் குவியல் பாம்பு, வெள்ளம் எல்லாவற்றையும் தாண்டிப் பிழைக்க வேண்டும்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. பொரிந்த பிறகு பாலூட்டி போல வேகமாக வளரும் அதே கூட்டம், முட்டைக்குள் ஊர்வன போல மெதுவாக வளர்ந்திருக்கிறது. 'வெப்ப ரத்தமா, குளிர் ரத்தமா' என்று ஒரே வார்த்தையில் விடை கேட்டால் எலும்பும் பல்லும் ஒத்துழைக்காது. எரிக்சன் குழு இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது: முதிர்ச்சிக்குப் பல வருடம், முட்டைக்குப் பல மாதம் என்று வாழும் பிராணி, 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு விண்கல் விழுந்த பிறகான பஞ்சத்தில் மீண்டு எழுவது கஷ்டம்.

பால் பல் என்ற பெயரில் இருக்கும் உண்மை

இப்போது பாலூட்டிகள் பக்கம். டைனோசர் காலத்துப் பாலூட்டிகள் பெரும்பாலும் எலி அளவு. அவற்றின் எலும்பு சுலபமாக நொறுங்கிவிடும், பல் மட்டும் மிஞ்சும். எனாமல்தான் உடம்பிலேயே கெட்டியான பொருள். பல இனங்களை நாம் ஒரு சில பற்களை வைத்து மட்டுமே அறிவோம். அதிர்ஷ்டவசமாகப் பாலூட்டிப் பல் பேசுகிற பல்.

டைனோசருக்குப் பல் மாறிக்கொண்டே இருக்கும் என்றேன். நமக்கு வாழ்நாளில் இரண்டே செட். இது கஞ்சத்தனம் போலத் தெரியும், காரணம் உண்டு. பாலூட்டியின் கடைவாய்ப் பல் உரலும் உலக்கையும் மாதிரி. மேல் பல்லின் முகடு கீழ்ப் பல்லின் குழியில் துல்லியமாக உட்கார வேண்டும். அப்போதுதான் பூச்சியின் ஓட்டை நறுக்கி அரைத்து முழுச் சத்தையும் எடுக்க முடியும். வாரம் ஒரு பல் விழுந்து வேறு பல் முளைத்தால் இந்தப் பொருத்தம் நிற்காது.

ஆனால் வளரும் குட்டியின் தாடை பெரிதாகிக்கொண்டே போகுமே, சின்னப் பல்லை வைத்து என்ன செய்வது? அங்கேதான் பால் வருகிறது. குட்டி பால் குடிக்கும் காலத்தில் பல்லே தேவையில்லை. அந்த நேரத்தில் தலை வேகமாக வளர்ந்துவிடும். பிறகு ஒரு தற்காலிக செட், அதன்பின் நிரந்தர செட். தமிழில் நாம் 'பால் பல்' என்று சொல்கிறோமே, விழுந்ததும் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தோமே, அதன் பெயரிலேயே இந்தத் தொடர்பு இருக்கிறது. பால் கல்லில் பதியாது. ஆனால் ஒரு புதைபடிவத் தாடையில் பல் ஒரே ஒரு முறைதான் மாறியிருக்கிறது என்று தெரிந்தால், அங்கே ஒரு தாய் பால் கொடுத்திருக்கிறாள் என்று ஊகிக்கலாம். பிரிட்டனின் வேல்ஸில் குகை இடுக்குகளில் ஏராளமாகக் கிடைத்த மார்கனுகோடான், சுமார் 20 கோடி ஆண்டு பழையது, இந்த இரண்டு செட் முறையைக் காட்டுகிறது. சீனாவின் யுன்னானில் கிடைத்த அதன் உறவினரான சைனோகோனோடானோ முன்பற்களைப் பலமுறை மாற்றிக்கொண்டிருந்தது.

அப்படியானால் மார்கனுகோடான் இன்றைய மூஞ்சூறு போலவே வாழ்ந்ததா? நானும் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பேன், நீங்களும்தான். இங்கே இன்னொரு கணக்குப் புத்தகம் வருகிறது. பல்லின் வேரைத் தாடையோடு பிணைக்கும் பொருளுக்கு சிமென்டம் என்று பெயர். கட்டட சிமென்ட் போலத்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு ஒரு அடுக்காகப் படியும். எலும்பு போல அரிக்கப்படாது. பல்லை வெட்டாமலேயே எண்ண, பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரானின் அதிசக்தி எக்ஸ்-கதிர்களைப் பயன்படுத்தினார்கள். எல்லிஸ் நியூஹாம் குழுவினர் 2020இல் முடிவை வெளியிட்டார்கள்.

மார்கனுகோடான் 14 வயது வரை வாழ்ந்திருக்கிறது. அதே இடத்தில் வாழ்ந்த கூனியோதீரியம் 9 வயது வரை. இன்று அதே அளவுள்ள மூஞ்சூறு ஓரிரு வருடத்தில் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. ஒரு எலி அளவுப் பிராணி 14 வருடம் வாழ வேண்டும் என்றால் அதன் உடம்பு மெதுவாக எரியும் விளக்காக இருந்திருக்க வேண்டும், பல்லி போல. ஆனால் மார்கனுகோடானின் தொடை எலும்பில் ரத்தக் குழாய் நுழையும் துளையை அளந்தபோது, அது இன்றைய ஊர்வனவற்றைவிடப் பெரிது, இன்றைய பாலூட்டிகளைவிடச் சிறிது. பால் இருக்கிறது, நறுக்கும் பல் இருக்கிறது, ஓடியாடும் திறமும் ஓரளவு இருக்கிறது. உடம்பின் வேகம் மட்டும் இன்னும் பாலூட்டி வேகத்துக்கு வரவில்லை. நாம் 'பாலூட்டித்தனம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் குணங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல.

இதற்கு இன்னொரு சாட்சி ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து 2024இல் வந்தது. க்ருசாடோடான் என்ற சின்னப் பிராணி, 16.6 கோடி ஆண்டு பழையது. அதில் ஒரு குட்டியும் ஒரு பெரியதும் கிடைத்தன, இரண்டும் எலும்புக்கூடாக. எல்சா பன்சிரோலி குழுவினர் எக்ஸ்-கதிரில் சிமென்டத்தை எண்ணினார்கள். பெரியதுக்கு சுமார் 7 வயது. குட்டிக்கு 7 மாதத்துக்கும் 2 வருடத்துக்கும் இடையே, ஆனால் அது இன்னும் பால் பல்லை மாற்றிக்கொண்டிருக்கிறது! இன்றைய சுண்டெலி பிறந்து சில வாரங்களில் தாயை விட்டுப் பிரிந்துவிடும். அந்தக் காலத்துக் குட்டிக்கு நீண்ட குழந்தைப் பருவம்.

ஆக, நான் ஆரம்பத்தில் சொன்ன தலைகீழ் இதுதான். பெரிய டைனோசர்கள் பாலூட்டி போல வேகமாக வளர்ந்துகொண்டிருந்த உலகத்தில், நம் முன்னோர் வரிசைக்கு நெருங்கிய சின்னப் பிராணிகள் பல்லி போல நிதானமாக வாழ்ந்துகொண்டிருந்தன.

துத்தநாகம் பிறப்பைச் சொல்லும், பேரியம் பாலைச் சொல்லும்

வேகம் எப்போது மாறியது? டைனோசர்கள் போன பிறகான ஒரு கணக்கு கைவசம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கிடைத்த பான்டோலாம்ப்டா, 6.2 கோடி ஆண்டு பழையது, செம்மறியாடு அளவு. விண்கல் விழுந்து 40 லட்சம் ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிரிகரி ஃபன்ஸ்டன் குழுவினர் 2022இல் அதன் பற்களை அறுத்து, தினசரிக் கோடுகளின் மேல் வேதிப்பொருள்களையும் அளந்தார்கள்.

கருவிலேயே உருவாகத் தொடங்கும் பல்லில், பிறந்த அதிர்ச்சி ஒரு தடித்த கோடாகப் பதியும். நம் பால் பல்லிலும் அது உண்டு. அந்தக் கோட்டில் துத்தநாகம் கூடியிருந்தது. அதற்குப் பிறகு சில வாரங்கள் பேரியம் கூடியிருந்தது. அது தாய்ப்பால் வழியாக வருவது. பேரியம் குறையும் இடம், பால் மறந்த நாள். கோடுகளை எண்ணியபோது கிடைத்தது: தாய் வயிற்றில் சுமார் 7 மாதம், பால் குடித்தது ஒன்று முதல் இரண்டு மாதம். அதாவது கன்றுக்குட்டி போல, பிறந்த உடனே ஓரளவு தயாராக எழுந்து நிற்கிற குட்டி. பெரும்பாலானவை 2 முதல் 5 வயதுக்குள் இறந்திருக்கின்றன. வேகமாக வளர்ந்து, வேகமாக முடித்துக்கொண்ட வாழ்க்கை. டைனோசர் காலி செய்த இடத்தைப் பாலூட்டிகள் ஏன் இத்தனை சீக்கிரம் நிரப்பின என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். குட்டியை உள்ளே அதிக நாள் வைத்துப் பெரிதாகப் பெற்றெடுத்தால் அடுத்த தலைமுறை இன்னும் பெரிதாக வளர முடியும்.

யார் யாரைத் தின்றார்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், படம் எடுப்பவர்கள் இதைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள் என்பதால். மடகாஸ்கரின் மஜுங்கசாரஸ் எலும்புகளில் பல் தடம் இருந்தது. தடத்தில் ரம்பப் பல் போன்ற இணை கோடுகள். அவற்றின் இடைவெளி அந்த வட்டாரத்தில் மஜுங்கசாரஸ் பல்லோடு மட்டுமே பொருந்தியது. தன் இனத்தையே தின்றிருக்கிறது. மறுபக்கம், சீனாவின் லியாவோனிங்கில் 12.5 கோடி ஆண்டு பழைய ரெபெனோமாமஸ் என்ற பாலூட்டியின் வயிற்றுப் பகுதியில் ஒரு குட்டி டைனோசரின் எலும்புகள் 2005இல் அறிவிக்கப்பட்டன. முட்டையைத்தான் தின்றிருக்கும் என்று ஒருவர் வாதாடலாம். குட்டியின் பல்லைப் பார்த்தார்கள்: தேய்ந்திருந்தது. இரை தின்று பழகிய பல். 2023இல் அதே பகுதியிலிருந்து இன்னொன்று: தன்னைவிட மூன்று மடங்கு கனமான டைனோசரின் விலாவில் பல்லைப் பதித்த நிலையில் ஒரு ரெபெனோமாமஸ், எரிமலைச் சேற்றில் இரண்டும் சேர்ந்து புதைந்திருந்தன.

அரியலூரில் போன எலும்பு

நம் ஊர்ப் பக்கம் வருவோம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரெட்டேசியக் காலக் கடலடி நிலம். அங்கே கல்லமேடு அருகே கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1980களின் இறுதியில் விவரித்தார்கள். பெயர் பிருஹத்காயோசாரஸ், 'மாபெரும் உடல் கொண்ட பல்லி'. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகின் மிகப்பெரிய தரைவாழ் விலங்குகளின் பட்டியலில் இன்றும் அதன் பெயர் அடிபடுகிறது.

ஆனால் எலும்பு இன்று இல்லை. உதிரும் நிலையில் இருந்தவை காப்பாற்ற முடியாமல் சிதைந்துபோயின. மிஞ்சியவை வரைபடங்கள், சில புகைப்படங்கள். அதனால் ஒரு தரப்பு, "அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கலாம்" என்று கூடச் சந்தேகப்பட்டது. அதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் படுத்திருப்பதால் சந்தேகத்தை அபத்தம் என்று தள்ளவும் முடியாது. விரல் நீளத்துக்கு ஒரே ஒரு சீவல் இருந்திருந்தால் போதும். எலும்பா மரமா என்பது நுண்ணோக்கியில் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். வயது, வளர்ந்த வேகம், முழுதாக வளர்ந்து முடித்ததா என்பதெல்லாம் கூடவே கிடைத்திருக்கும். இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு ஆறவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் அதே கல்லமேட்டில் இருக்கிறது. 2013இல் ஒரே ஒரு சின்னப் பல்லை வைத்து, வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்ட ட்ரூடோன்டிட் என்ற டைனோசர் வகை இந்தியாவிலும் இருந்தது என்று அறிவித்தார்கள். ஒரு பல்லை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்று கேட்பது நியாயம். ஆனால் பல் கையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்து மறுக்கலாம். அதே போல இன்றைய தெலங்கானாவின் நஸ்கலில், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே இருந்த மண்ணைச் சலித்துச் சலித்து, கடுகு அளவுப் பற்களைப் பொறுக்கி எடுத்தார்கள் ஜி. வி. ஆர். பிரசாதும் அசோக் சாஹ்னியும். 1988இல் அறிவிக்கப்பட்ட அந்த டெக்கனோலெஸ்டெஸ்தான் இந்தியாவின் முதல் கிரெட்டேசியப் பாலூட்டி. 2 மீட்டர் எலும்பு காணாமல் போய்ச் சந்தேகமாக நிற்கிறது, ஓரிரு மில்லிமீட்டர் பல் பத்திரமாக இருந்து வரலாறாகிவிட்டது.

அந்த வட்டாரத்தில் உருண்டைக் கல் கிடைத்தால் "டைனோசர் முட்டை" என்று செய்தி பரவுவதும், பிறகு அது சுண்ணாம்பு உருண்டை என்று தெரிவதும் வழக்கமாகிவிட்டது. முட்டை ஓட்டுக்கும் உள்ளமைப்பு உண்டு, அதையும் சீவிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் வயலிலோ ஓடைக் கரையிலோ எலும்பு மாதிரி ஒன்று தெரிந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தியப் புவியியல் ஆய்வகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள். முக்கியமாக, மழைக்காலம் வருவதற்கு முன்னால் சொல்லுங்கள்.